வாயு வண்ணப்பிரிகை உணர்கருவிகளின் செயல்திறன்

வண்ணப்பிரிகைக் குழலிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும் பொருள்களை மின்குறிப்பாக மாற்றுவது உணர்கருவி. எவ்வளவு குறைந்த அளவைக் காண்கிறது, எந்த அளவு வரை நேர்விகிதத்தில் பதில் தருகிறது, எதைக் கண்டு எதை விட்டுவிடுகிறது, எவ்வளவு விரைவாக இயங்குகிறது என்பவற்றை வைத்து அதன் திறன் எடைபோடப்படுகிறது. இந்த அளவுகோல்களில் பல, ஏதாவது ஒரு கருவி முட்டி நின்ற இடத்தில்தான் பெயர் பெற்றன.

ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் ஸ்வெத் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலை நிறமிகளைச் சுண்ணத்தூள் குழாயில் பிரித்தபோது கண்ணே உணர்கருவி. நிறமற்ற பொருளுக்கு அது உதவாது. 1952இல் லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் ஏ. டி. ஜேம்ஸும் ஆர்ச்சர் மார்ட்டினும் வாயு–நீர்மப் பிரிகையை உருவாக்கினர். குழலிலிருந்து வந்த கொழுப்பு அமிலங்களைத் தானியங்கி பியூரெட் ஒன்று தரம் பார்த்தது. வரைதாளில் முகடுகள் எழவில்லை, படிக்கட்டு விழுந்தது. ஒவ்வொரு படியின் உயரமும் ஓர் அமிலத்தின் அளவு. அழகான ஏற்பாடுதான், ஆனால் அமிலமும் காரமும் தவிர வேறெதுவும் அதன் கண்ணில் படாது.

அந்தக் குறையை வெப்பக்கடத்து உணர்கருவி தீர்த்தது. ஹீலியம் ஓடும்போது குளிர்ந்திருக்கும் சூடேற்றிய கம்பி, வேறொரு பொருள் கலந்ததும் வெப்பமடைந்து மின்தடை கூடும். எதையும் காணும், நுண்ணளவில் மட்டும் தடுமாறும். வெப்பநிலையின் சிறு அசைவும் அடிக்கோட்டை நடுங்கவைத்ததால், சிறிய முகடு அந்த இரைச்சலில் மறைந்தது. உணர்திறனை இரைச்சலோடு சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது அப்படித்தான் நிலைபெற்றது. இன்று பொதுவாக இரைச்சலைப் போல 3 மடங்கு குறிப்பு தரும் அளவு கண்டறியும் எல்லை. 10 மடங்கு தருவது அளவிடும் எல்லை.

1958இல் ஆஸ்திரேலியாவில் மக்வில்லியமும் டியூவரும், தென்னாப்பிரிக்காவில் ஹார்லி, நெல், பிரிட்டோரியஸ் ஆகியோரும் தனித்தனியே சுடர் அயனியாக்க உணர்கருவியை வெளியிட்டனர். ஹைட்ரஜன் சுடரில் எரியும் கரிமப் பொருளில் மிகச் சிறு பகுதியே அயனியாகிறது. ஆனாலும் அந்தப் பகுதி கார்பன் அணுக்களின் எண்ணிக்கைக்கு ஏறக்குறைய ஈடாக இருப்பதால், நேர்கோட்டு வீச்சு ஒரு கோடி மடங்கை எட்டுகிறது. நீரையும் கார்பன் டைஆக்சைடையும் அது ஏறத்தாழ காண்பதில்லை. ஈரமான மாதிரிகளுக்கு இது வரம். சுடரில் தேங்கும் இடம் இல்லாததால், அதே காலத்தில் மார்செல் கோலே கொண்டுவந்த நுண்துளைக் குழலின் குறுகிய முகடுகளையும் மழுக்காமல் பதிவு செய்தது.

உணர்திறனில் புகழ் பெற்றது வேறொன்று. 1957இல் மில் ஹில்லில் ஜேம்ஸ் லவ்லாக் வடித்த எலக்ட்ரான் கவர் உணர்கருவியில், கதிரியக்கத் தகடு உண்டாக்கும் சிறு மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். குளோரின் போன்ற அணுக்கள் கொண்ட மூலக்கூறுகள் எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ள, ஓட்டம் குறைகிறது. பிக்கோகிராம் அளவுப் பூச்சிக்கொல்லியும் அகப்பட்டது. பலவீனமும் அதே இடத்தில்தான்: இருக்கும் ஓட்டத்துக்கு மேல் குறைய வழியில்லை, முகடு சீக்கிரமே தட்டையாகிவிடும். 1971இல் வந்த மாறா மின்னோட்டத் துடிப்பு முறைதான் வீச்சை ஏறத்தாழ 10,000 மடங்காக விரித்தது. தொடக்கத்தில் பயன்பட்ட டிரிட்டியம் தகடு அதிக வெப்பம் தாங்காது. நிக்கல்-63 அந்தத் தடையை நீக்கியது.

1971–72இல் ஷாக்கிள்டன் கப்பலில் லவ்லாக் இக்கருவியுடன் அண்டார்க்டிகா நோக்கிப் போனார். அட்லாண்டிக்கின் காற்றில் லட்சம் கோடிக்குச் சில பத்துப் பங்கு மட்டுமே இருந்த குளோரோஃபுளோரோகார்பன் வழிநெடுகப் பதிவானது. 1974இல் மொலினாவும் ரோலண்டும் இச்சேர்மங்களால் நேரும் ஓசோன் சிதைவை எச்சரித்தபோது அந்த அளவீடு கையில் தயாராக இருந்தது.

தேர்ந்துணர்வு இருந்தால் பொருள் இன்னதென்று தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையை ஸ்வீடன் வேதியியலாளர் சோரன் யென்சனின் ஆய்வு அசைத்தது. இதே வகைக் கருவியால் டிடிடி பூச்சிக்கொல்லியைத் தேடி உயிரினத் திசுக்களை ஆராய்ந்தவருக்கு இனம் தெரியாத முகடுகள் தொடர்ந்து வந்தன. அவை பாலிகுளோரினேட்டட் பைஃபினைல்கள் என்று 1966இல் அறிவித்தார். அதை நிறுவ நிறைமாலைமானி தேவைப்பட்டது.

1964இல் இஸ்த்வான் ஹலாஸ் உணர்கருவிகளைச் செறிவு சார்ந்தவை, நிறைப்பாய்வு சார்ந்தவை என இரண்டாகப் பிரித்தார். முகட்டின் நடுவில் வாயு ஓட்டத்தை நிறுத்தினால் வெப்பக்கடத்தியின் குறிப்பு அப்படியே நிற்கும்; சுடரின் குறிப்பு விழுந்துவிடும். ஆகவே இவ்விரண்டின் உணர்திறனும் வெவ்வேறு அலகுகளில் தரப்படுகின்றன. எலக்ட்ரான் கவர் கருவிக்கு ஒரே எண்ணால் உணர்திறன் சொல்வது பொருந்தாது: சேர்மத்துக்குச் சேர்மம் அதன் பதில் பல்லாயிரம் மடங்கு மாறுவதால், அளவிடவேண்டிய ஒவ்வொன்றுக்கும் அதன் சொந்தத் தரமாதிரியை ஓட்டியாக வேண்டும்.