ஜான் லாக்வுட் கிப்லிங்: தொடக்ககாலச் சுடுமண் வேலைகள்

ஜான் லாக்வுட் கிப்லிங் (1837–1911) ஆங்கிலேயச் சிற்பி. பம்பாய், லாகூர் கலைப்பள்ளிகளின் ஆசிரியர். 'ஜங்கிள் புக்' எழுதிய ருட்யார்டின் அப்பா என்றால் சட்டென்று விளங்கும். இந்தியாவுக்கு வருமுன் லண்டனில் காட்ஃப்ரி சைக்ஸ் என்ற கலைஞரின் கீழ் சம்பளத்துக்குச் செய்த கட்டட அலங்காரங்களில்தான் அவர் கை பழகியது.

பிறந்தது யார்க்ஷயரின் பிக்கரிங்கில். பர்ஸ்லெம் என்ற ஊரின் மட்பாண்டத் தொழிற்சாலையில் வேலை கற்று, 1860களின் தொடக்கத்தில் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகக் கட்டுமானத்தில் சேர்ந்தார். இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அது. திட்டம் சைக்ஸுடையது, உதவியாளர்கள் களிமண்ணில் உரு பிடிப்பார்கள். அதன்மேல் சுதையில் அச்செடுத்து, அச்சுக்குள் மண்ணை அழுத்திச் சூளையில் சுடுவார்கள். சுட்டால் மண் சுருங்கும். ஆகவே மூல உருவைச் சற்றுப் பெரிதாகவே செய்ய வேண்டும். எந்த இலை, எந்த முகம் யார் கைவேலை என்று பிரித்துச் சொல்வது கடினம். நம் கோபுரத்துச் சுதை பொம்மைகளின் கதையும் இதுதானே! ஆனாலும் கென்சிங்டன் கொஞ்சம் தாராளம்: உள்முற்றச் சுவர் அலங்காரத்தில் கிப்லிங்கின் உருவமும் இடம்பெற்றிருக்கிறது.

அதே காலத்தில் பர்ஸ்லெமின் வெட்ஜ்வுட் இன்ஸ்டிட்யூட் கட்டட முகப்பின் வடிவமைப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1863இல் அடிக்கல் நாட்டப்பட்ட அதன் சுவரில் பன்னிரண்டு மாதங்களும் குயவர் தொழிலும் சுடுமண் பலகைகளாக நிற்கின்றன.

1865இல் மணம் முடித்த கையோடு பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளிக்கு வந்தார், கட்டடச் சிற்பம் கற்பிக்கும் வேலை. கிராஃபோர்டு சந்தை வாசல்களுக்கு மேலே உழவரையும் சந்தைக்கு வரும் மக்களையும் காட்டும் புடைப்புச் சிற்பங்கள் அவர் வடிவமைத்தவை. கென்சிங்டன் பாடம் இங்கே இந்திய ஆட்களைக் கண்டுகொண்டது. அவருடைய சிற்பங்களில் மிகச் சிறந்தவை இவையே எனலாம்.

1875இல் லாகூர் மேயோ கலைப்பள்ளி முதல்வரானார். அங்கே சைக்ஸின் இடத்துக்கு அவரே வந்தார்: இங்கிலாந்தின் ஆஸ்போர்ன் மாளிகை தர்பார் மண்டபத்துக்கு (1890–91) மேற்பார்வை கிப்லிங், நேரில் சென்று அலங்காரத்தை உருவாக்கியவர் அவர் மாணவர் பாய் ராம் சிங். மண்டபத்தைப் பற்றிப் பேசும்போது ராம் சிங்கின் பெயரை முதலில் சொல்வதே நியாயம்.

1893இல் இங்கிலாந்து திரும்பிய பிறகும் மண்ணை விடவில்லை. 1901இல் வெளிவந்த மகனின் 'கிம்' நாவலுக்கு அவர் தந்த படங்கள், களிமண்ணில் புடைப்பாகச் செய்து புகைப்படம் எடுக்கப்பட்டவை.