தொலைநிலைக் கல்வியா, கல்லூரிக் கல்வியா? முதல் தலைமுறைப் பட்டதாரிகள் அறிய வேண்டியவை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் ஒவ்வோர் ஆண்டும் தலித் குடியிருப்புகளில் ஒரு கேள்வி எழுகிறது. "வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல்வழியில் படிக்கலாமே, பட்டம் பட்டம்தானே?" இதற்குச் சட்டம் தரும் விடை "ஆம்" என்பதே. ஆனால் அது நிபந்தனைகளுடன் கூடிய "ஆம்". அந்நிபந்தனைகளை அறியாமல் சேர்வோர், பல ஆண்டு உழைப்பையும் கட்டிய கட்டணத்தையும் பணி நியமனத்தின் வாசலில் இழக்க நேரிடுகிறது.

சட்டத்தின் நிலை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தொலைநிலையில் வழங்கும் பட்டம், நேரடி வகுப்பில் பெறும் பட்டத்துக்கு இணையானது. 2022 செப்டம்பரில் குழு இதனை மீண்டும் தெளிவுபடுத்தியது. எனவே தொலைநிலைப் பட்டம் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை இரண்டாம் தரமாக நடத்த இடமில்லை.

பட்டத்தைப் பயனற்றதாக்கும் மூன்று பிழைகள்

முதலாவது, அங்கீகாரத்தைச் சரிபார்க்காமை. பல்கலைக்கழகம் புகழ்பெற்றதாக இருந்தால் மட்டும் போதாது; நாம் சேரும் பாடத்துக்கு, நாம் சேரும் ஆண்டில் மானியக் குழுவின் அனுமதி இருக்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தம் ஆட்சி எல்லைக்கு வெளியே தொலைநிலைக் கல்வி மையம் நடத்தவும் கூடாது. மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அனுமதிப் பட்டியலைக் காணலாம்.

இரண்டாவது, தடைசெய்யப்பட்ட பாடங்களில் சேர்தல். பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம், வேளாண்மை முதலியவற்றில் தொலைநிலைப் பட்டம் கிடையாது. சேலம் விநாயகா மிஷன் உள்ளிட்ட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் குறித்து 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தோரின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, தேர்வெழுதித் தகுதியை நிறுவுமாறு கூறப்பட்டது. அதற்குப் பின் சேர்ந்தோரின் பட்டங்கள் ரத்தாயின. விதியை மீறியவை நிறுவனங்கள். பட்டத்தை இழந்தவர்கள் மாணவர்கள்.

மூன்றாவது, படிப்பின் வரிசையைத் தாண்டுதல். இளநிலைப் பட்டமின்றித் திறந்தநிலையில் நேரடியாகப் பெற்ற முதுநிலைப் பட்டம் செல்லாது என அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு பிறப்பித்த அரசாணை 107, பத்தாம் வகுப்பு, மேல்நிலை, பட்டம் என்ற வரிசையில் படித்தோரையே அரசுப் பணிக்கு ஏற்றது. வழக்கறிஞராக விரும்புவோருக்கும் இது பொருந்தும். மேல்நிலை முடித்துத் தொலைநிலையில் பி.ஏ. பெற்றவர் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். அடிப்படைத் தகுதியின்றித் திறந்தநிலையில் நேரடியாகப் பட்டம் பெற்றவருக்கு இந்திய வழக்கறிஞர் கழக விதிகள் அந்த வாய்ப்பை மறுக்கின்றன.

வறுமை மட்டுமே காரணமெனில்

பணமில்லை என்பதற்காகவே தொலைநிலையைத் தேர்வோர், கல்லூரியில் தமக்குள்ள உரிமைகளை முதலில் அறிய வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத பட்டியல் சாதி மாணவர்களுக்கு, பள்ளிப் படிப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகையில் கட்டணமும் பராமரிப்புப் படியும் கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணச் சலுகை இல்லை என்பதை நினைவில் கொள்க. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் உணவும் உறைவிடமும் இலவசம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்றவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. புதுமைப்பெண் உதவி தொலைநிலையில் பயிலும் மாணவிகளுக்குக் கிடையாது. ஆக, செலவு குறைவு என்று கருதித் தேர்ந்த வழி, கைக்கு வரவேண்டிய தொகையையும் இழக்கச் செய்யலாம்.

வளாகம் யாருக்கு?

கல்லூரி வளாகம் சாதியற்ற இடமன்று. ரோகித் வெமுலாவின் மரணம் அதனை நாட்டுக்கு உணர்த்தியது. அவமதிப்புக்கு அஞ்சித் தொலைநிலையை நாடுவோரைக் குறைகூற முடியாது. ஆயினும் நூலகம், ஆசிரியர், மாணவர் அமைப்பு, விவாத மேடை, தோழமை ஆகியவை அஞ்சலில் வருவதில்லை. நம் பிள்ளைகள் ஒதுங்குவதால் வளாகம் மாறாது. ஏற்கெனவே அங்கிருப்பவர்களுக்கே அது முழுவதும் உரிமையாகும்.

உழைத்துக்கொண்டே படிக்க வேண்டிய நிலையை அம்பேத்கர் அறிந்திருந்தார். 1946இல் பம்பாயில் தொடங்கப்பட்ட சித்தார்த்தா கல்லூரியில், வேலைக்குச் செல்வோருக்காகக் காலை வகுப்புகள் நடத்தப்பட்டன. உழைப்பாளியின் நேரத்துக்குக் கல்லூரி இசைந்து வந்தது. இன்று தமிழகத்தின் அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு சுழற்சிகளில் வகுப்புகள் நடக்கின்றன. ஒரு வேளை படித்து மறுவேளை உழைக்க இது வழிதரும். இவ்வசதியை விரிவாக்கக் கோருவது மாணவர் அமைப்புகளின் கடமை.

குழந்தையோடு இருக்கும் தாய்க்கும், பணியிலிருப்பவருக்கும், படிப்பைப் பாதியில் விட்டவருக்கும் தொலைநிலைக் கல்வி மதிப்புமிக்க வாசல். அதைத் தேர்வோர் அங்கீகாரம், பாடம், வரிசை ஆகிய மூன்றையும் சரிபார்த்துச் சேரட்டும். பதினெட்டு வயது தலித் மாணவருக்கு அது ஒன்றே வழி என்று எவரேனும் சொன்னால், கல்லூரி விண்ணப்பத்தையும் உதவித்தொகை விண்ணப்பத்தையும் நிரப்பிய பிறகே அதற்கு விடை சொல்ல வேண்டும்.