இரண்டாவது கேமரா

தென்காசி காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் அங்கே வித்தியாசமான ஒரு கல்வெட்டை விட்டுச் சென்றிருக்கிறார். 1446இல் வேலை தொடங்கிய கோயில் அது. பிற்காலத்தில் இந்தக் கோயில் பழுதுபட்டால், அதைச் சரிசெய்து காப்பவர்களின் காலில் நான் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்பது அதன் கருத்து. ராஜாக்கள் பொதுவாகச் சூரியனும் சந்திரனும் உள்ளவரை நிற்கும் என்றுதான் கல்லில் வெட்டுவார்கள். இவர் பழுது வரும் என்று நினைத்திருக்கிறார். வரத்தான் செய்தது. கோபுரம் சிதைந்து, நடுவில் பிளந்து, பல தலைமுறைகளுக்கு மொட்டையாகவே நின்றது. இன்று நாம் பார்க்கும் ஒன்பது நிலைக் கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது 1990இல்.

கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் விளையாட்டு மைதானத்திலும் படம் எடுப்பவர்கள் தோளில் ஏன் இரண்டு கேமரா தொங்குகிறது என்று கேட்டால், நான் இந்தக் கல்வெட்டைத்தான் சொல்வேன். பழுது வரும் என்று முன்கூட்டியே நினைத்தவன் செய்யும் ஏற்பாடு அது. ஆனால் அந்த இரண்டாவது கேமரா எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்? பழசா, மலிவானதா, முதலாவதைப் போலவே அச்சு அசலா? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறது.

தொடக்கத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. 1858இல் லின்னேயஸ் ட்ரைப் மதுரையைப் படம் எடுத்தபோது, அவருடைய கருவிகள் மாட்டு வண்டிகளில் வந்தன. பெரிய காகித நெகட்டிவ்கள். ஒரு படத்துக்கு நீண்ட நேரம் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். கோயில் மண்டபம் அசையாது, தெப்பக்குளம் அசையாது. அதனால் அவை படமாயின. தேரோட்டத்தை அப்படி எடுத்திருந்தால் தேரும் கூட்டமும் புகைபோலக் கலங்கியிருக்கும். அசையாததை நாளைக்கும் எடுக்கலாம், அதற்கு இன்னொரு கேமரா வேண்டாம். ஓடுவதையும் நடந்து முடிவதையும் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் தேவை வந்தது.

1925இல் லைக்கா சந்தைக்கு வந்தது. சினிமாவுக்கான 35 மில்லிமீட்டர் ஃபிலிமைச் சின்னக் கேமராவுக்குள் அடைத்து, ஒரே சுருளில் 36 படம் எடுக்க வழி செய்தது. கழுத்தில் ஒன்று, தோளில் ஒன்று என்று மாட்டிக்கொள்ள முடிந்தது அதற்குப் பிறகுதான். 1954 மே 25 அன்று இந்தோசீனாவில் கண்ணிவெடியில் சிக்கி ராபர்ட் காப்பா இறந்தபோது, அவரிடம் இரண்டு கேமராக்கள் இருந்தன. கான்டாக்ஸில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், நிக்கானில் வண்ண ஃபிலிம். ஒரு கேமராவுக்குள் ஒரு நேரத்தில் ஒரு வகை ஃபிலிம்தான் இருக்க முடியும். ஆகவே அந்தக் காலத்து இரண்டாவது கேமரா என்பது உண்மையில் இரண்டாவது ஃபிலிம். அவசரத்துக்கு எடுத்துக்கொள்கிற மாற்று என்ற அர்த்தமே அதற்கு இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வேலை பார்த்தன.

விளையாட்டில் சிக்கல் வேறு மாதிரி. டெஸ்ட் கிரிக்கெட் வரலாற்றில் இரண்டே இரண்டு ஆட்டங்கள்தான் சரிசமமாக, 'டை'யில் முடிந்திருக்கின்றன. முதலாவது 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில். ஜோ சாலமன் எறிந்த பந்து ஸ்டம்பில் பட, இயன் மெக்கிஃப் ரன் அவுட். அந்த நொடியைப் படமாக்கியவர் 'தி ஏஜ்' பத்திரிகையின் ரான் லோவிட். இரண்டாவது டை நம்ம சேப்பாக்கத்தில், 1986 செப்டம்பர் 22 அன்று. மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ. இரண்டிலும் ஐந்து நாள் ஆட்டம் ஒரே நொடியில் முடிந்தது. அந்த நொடியில் ஃபிலிம் மாற்றிக்கொண்டிருந்தவனுக்கு ஐந்து நாளும் வீண்.

கேமரா வேகமாக ஆக ஆக இந்த ஆபத்து குறையவில்லை, கூடியது. 1959இல் வந்த நிக்கான் எஃப் கேமராவோடு மோட்டாரைச் சேர்த்து, விரலை எடுக்காமல் தொடர்ந்து படம் எடுக்கலாம் என்றானது. 1996இல் வந்த நிக்கான் எஃப்5 வினாடிக்கு 8 படம் எடுத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 36 படச் சுருள் நாலரை வினாடியில் காலி. கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 வினாடி. பாடிப் போனவன் கோட்டைத் தொடுவதற்குள் ஃபிலிம் தீர்ந்துவிடும். ஆகவே இரண்டாவது கேமராவை ஃபிலிம் நிறைத்துத் தயாராக வைத்திருக்க வேண்டியிருந்தது. கண்ணை மைதானத்திலிருந்து எடுக்காமல் கையை மட்டும் மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு கேமராவிலும் பொத்தான்கள் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். விளையாட்டுப் படக்காரர்கள் ஒரே மாடலில் இரண்டு வாங்கியது ஆடம்பரம் இல்லை. விரலுக்கு யோசிக்க நேரம் கிடையாது, அவ்வளவுதான்.

எங்க பக்கத்து ஸ்டுடியோக்களில் அந்தக் காலத்தில் இதெல்லாம் கனவு. வெளிநாட்டுக் கேமராவுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடும் வரியும் சேர்ந்து விலை எட்டாத உயரத்தில் இருந்தது. ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தந்தது. கேமராவுக்கோ வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் சொந்தக்காரரை நம்ப வேண்டும், இல்லையென்றால் சென்னை பர்மா பஜார். ஒரு சுருளில் 12 படம் விழும் யாஷிகா பெட்டிக் கேமராவை வைத்துக்கொண்டே முழுக் கல்யாணத்தையும் முடித்தவர்கள் உண்டு. தாலி கட்டுக்கு முன்னால் பழைய சுருள் பாதியில் இருந்தாலும் கழற்றிவிட்டுப் புதுச் சுருள் போட்டுக்கொள்வது அந்தத் தலைமுறையின் சாமர்த்தியம். இரண்டாவது கேமரா இல்லாதவன் இரண்டாவது சுருளால் சமாளித்தான்.

அந்த நாட்களில் வந்த இன்னொரு பாடத்தை இப்போதும் மறக்கக் கூடாது. 1987இல் கேனான் தன் லென்ஸ் பொருத்தும் அமைப்பையே மாற்றியது. அதுவரை வாங்கிய எஃப்டி லென்ஸ்கள் புது இஓஎஸ் கேமராவில் பொருந்தவில்லை. நிக்கான் 1959இல் போட்ட எஃப் பொருத்தியைப் பல பத்தாண்டுகள் விடாமல் காப்பாற்றியது. ஆட்டோஃபோகஸ் வேகத்தில் கேனான் முந்தியதால் பலர் கசப்போடு எல்லாவற்றையும் மாற்றினார்கள். மாற்ற முடியாதவர்களிடம் பழைய கேமரா ஒன்று, புதிய கேமரா ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி லென்ஸ்கள் என்று ஆனது. பார்வைக்குத்தான் இரண்டு கேமரா. அவசரத்தில் இதன் லென்ஸை அதில் மாட்ட முடியாது. இன்றைக்குப் பழைய டிஎஸ்எல்ஆரை வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு மிரர்லெஸ் வாங்க யோசிப்பவர்கள் நிற்கும் இடமும் ஏறக்குறைய அதுதான். அடாப்டர் உதவும். அந்த அடாப்டர் மேசை மேல் மறந்து கிடக்கும் நாளில் உதவாது.

டிஜிட்டல் வந்ததும் 36 என்ற எண் செத்துப்போனது. 1999இல் நிக்கான் டி1, 2001இல் கேனான் ஒன்டி. சுருள் தீரும் பயம் போய், கார்டு கெட்டுப்போகும் பயம் வந்தது. 2007 ஆகஸ்டில் நிக்கான் ஒரே நாளில் டி3, டி300 என்று இரண்டை அறிவித்தது. இரண்டாவது கேமராவின் வரலாற்றில் அது முக்கியமான நாள் என்று நினைக்கிறேன். டி3யில் முழு அளவு சென்சார், மங்கிய வெளிச்சத்திலும் நின்று ஆடும். கார்டுக்கு இரண்டு இடம். டி300இல் சின்ன சென்சார். 200 மில்லிமீட்டர் லென்ஸ் அதில் 300 போலக் காட்டும். இரண்டிலும் 51 புள்ளி ஃபோகஸ். கூடுதல் பிடியைப் பொருத்தினால் டி3யின் பேட்டரியையே டி300க்கும் போடலாம், வினாடிக்கு 8 படமும் கிடைக்கும். அண்ணன் தம்பி மாதிரி. வேறு வேறு வேலை, ஆனால் ஒரே வீட்டுச் சாப்பாடு. விலை குறைந்த இரண்டாவது கேமராவும் சரியான இரண்டாவது கேமராவாக இருக்க முடியும் என்பதை அந்த ஜோடி காட்டியது.

பத்து வருஷம் கழித்து இந்தக் கணக்கு மறுபடி கலைந்தது. 2018இல் வந்த நிக்கான் இசட்6, கேனான் ஆர் இரண்டிலும் கார்டுக்கு ஒரே இடம். கல்யாணப் படக்காரர்கள் பொங்கினார்கள். வெளியாட்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். கார்டு கெட்டால் ஃபிலிம் சுருள்போல 36 படம் போகாது, முகூர்த்தமே போகும். 2020இல் வந்த இசட்6 இரண்டாம் பதிப்பில் இரண்டு இடம் வைத்தார்கள். பராக்கிரம பாண்டியன் புத்தி கம்பெனிக்கு வர இரண்டு வருஷம் ஆனது.

இனி ஊருக்கு வருவோம். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரலைக் கொண்டுவந்து கொட்டும். அதே மாதங்களில்தான் அரசு குற்றாலத்தில் சாரல் விழா நடத்துகிறது. மேடை நிகழ்ச்சிகள் ஒரு பக்கம், படகுப் போட்டி, கொழுகொழு குழந்தைப் போட்டி என்று இன்னொரு பக்கம். மழை என்று சொல்ல முடியாது, குடை பிடிக்கவும் தோன்றாது. ஆனால் அரை மணியில் சட்டை நனைந்திருக்கும். இந்தக் காற்றில் லென்ஸைக் கழற்றினால் நேராகச் சென்சார் மேல் ஈரம் படியும். ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வந்தால் கண்ணாடி வியர்க்கும். ஈரத்தோடு பைக்குள் வைத்தால் நாளாவட்டத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். சென்னையில் ஒருவர் ஒரே கேமராவில் லென்ஸை மாற்றி மாற்றி எடுத்துவிடலாம். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் முடியாது. இங்கே இரண்டாவது கேமரா என்பது, கழற்றத் தேவையில்லாத இரண்டாவது லென்ஸ். ஆகவே ஈரம் புகாத உடம்பு முதல் கேமராவுக்கு மட்டும் இருந்தால் போதாது. அதில் மாட்டும் லென்ஸிலும் பின்பக்கம் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான்.

சங்கரன்கோவில் ஆடித்தபசை எடுத்துக்கொள்ளுங்கள். தவம் இருந்த கோமதி அம்மனுக்குச் சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி தரும் நேரம். சனம் நெருக்கியடித்து நிற்கும். விவசாயிகள் தங்கள் வயலில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் அள்ளி வீசுவார்கள். காற்றில் பருத்தி பறப்பதை எடுக்க அகலமான லென்ஸ், சப்பரத்தின் முகத்தை எடுக்க நீளமான லென்ஸ். நெரிசலில் பையைத் திறக்க இடம் இருக்காது. தோளில் இரண்டு கேமரா இருந்தால் இரண்டு படம், ஒன்று இருந்தால் ஒன்று. தவறவிட்டால் அடுத்த வருஷம்.

இரவுக் கபடியில் வேறொரு தொல்லை. விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரியும். படத்தில் ஒன்று வெளிச்சமாக, அடுத்தது மங்கலாக வரும். சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் எடுத்தால் குறுக்கே வரி வரியாகக் கோடு விழும். 2014இல் கேனான் 7டி இரண்டாம் பதிப்பு அந்த விளக்குத் துடிப்பைக் கண்டுபிடித்து, வெளிச்சம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் படம் எடுக்கும் வசதியோடு வந்தது. இன்று பழைய சந்தையில் அது மலிவு. உள்ளூர்ப் போட்டிகளுக்கு இரண்டாவது கேமரா தேடுகிறவர், வினாடிக்கு எத்தனை படம் என்று கேட்பதற்கு முன் இந்த வசதி இருக்கிறதா என்று கேட்பது நல்லது.

பழைய கேமரா வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று எல்லோரும் பார்க்கிறார்கள். கேனான் 5டி நான்காம் பதிப்புக்கு நிறுவனம் சொன்னது ஒன்றரை லட்சம், ஒன்டி எக்ஸ் இரண்டாம் பதிப்புக்கு நாலு லட்சம். அதைவிட எளிய ஒரு காரியத்தைப் பலர் மறந்துவிடுவார்கள். இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் ஒன்றாக வைக்க வேண்டும். நாலு நிமிஷம் வித்தியாசம் இருந்தால் கம்ப்யூட்டரில் அடுக்கும்போது ஒரு கேமராவில் தாலி ஏறியிருக்கும், இன்னொன்றில் மாப்பிள்ளை இன்னும் மணவறைக்கே வந்திருக்க மாட்டார். முகநிறமும் அப்படித்தான். ஒரே ஆல்பத்தில் பெண் ஒரு பக்கம் மஞ்சளாக, மறுபக்கம் சிவப்பாக இருந்தால் வீட்டார் சும்மா விடமாட்டார்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. நகையை அடகு வைத்தோ தவணையிலோதான் இங்கே பலர் கேமரா வாங்குகிறார்கள். வருஷத்தில் நாலு நாள் தேவைப்படுவதற்கு வாடகை போதும். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் தேவைப்பட்டால் வாங்கத்தான் வேண்டும். அப்போது என் பதில் இதுதான்: புது மாடலாக ஒன்றும் அதற்குத் துணையாக ஏதோ ஒன்றும் என்பதைவிட, ஒரு தலைமுறை பழசானாலும் பொருத்தியும் பேட்டரியும் கார்டும் பொத்தானும் ஒத்துப்போகிற இரட்டையர்கள் மேல். முதல் கேமரா நின்றுபோன நொடியில் இரண்டாவது கேமரா முதல் கேமராவாகிவிடும். அந்த நொடியில் அதைச் செகண்ட் என்று யாரும் இரக்கப்படப் போவதில்லை. "அண்ணாச்சி, அந்த ஒரு போட்டோ மட்டும் காணலையே" என்று கேட்கும் பெண்ணின் அப்பாவிடம் எந்த மாடல் என்று விளக்கவும் முடியாது.

2025 ஏப்ரலில் காசி விசுவநாதர் கோயிலில் மறுபடி குடமுழுக்கு நடந்தது. 1990இல் ஃபிலிமை எண்ணி எண்ணி எடுத்திருப்பார்கள். இந்த முறை கூட்டத்தில் எல்லோர் கையிலும் போன். இத்தனை கண் இருக்கும்போது படக்காரர் எதற்கு, அவருக்கு இரண்டு கேமரா எதற்கு என்று கேட்கலாம். போன் வைத்திருப்பவர் தனக்காக எடுக்கிறார், வராவிட்டால் சிரித்துக்கொண்டு போய்விடுவார். படக்காரர் இன்னொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறார். வாக்குக் கொடுத்தவன்தான் பழுதைப் பற்றி முன்கூட்டியே நினைக்க வேண்டும். இன்னொரு பலனும் இதில் உண்டு. பழைய ஸ்டுடியோக்களில் லைட் பிடிக்க வந்த பையனுக்கு முதலில் கிடைப்பது முதலாளியின் இரண்டாவது கேமராதான். முதலாளி தாலியை எடுக்கும்போது அவன் அம்மாவின் கண்ணீரை எடுப்பான். சில நேரம் அந்த ஆல்பத்தில் வீட்டார் பெரிதாக்கி மாட்டும் படம் அவன் எடுத்ததாக இருக்கும்.