ஈரலில் விளைந்த வெல்லம்

மனித உணவிற் பெரும்பங்கு பெறுவன காபோவைதரேற்றுக்கள். காபன், ஐதரசன், ஒட்சிசன் என்னும் மூலகங்களாலான இவற்றின் ஒரு கிராம் ஏறத்தாழ 4 கிலோகலோரி சத்தியை அளிக்கும். சோற்றிலும் கிழங்கிலுமுள்ள மாப்பொருள் சமிபாட்டினாற் குளுக்கோசாகிக் குருதியிற் சேர்கின்றது. ஆயின், உணவு கிடையாத வேளையிலும் குருதியில் வெல்லம் குன்றாதிருப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கான விடை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தெளிவுபெறத் தொடங்கியது.

அக்காலப் பிரெஞ்சு அறிஞருள் தூமா, பூசங்கோ ஆகியோரின் கருத்தே மேலோங்கியிருந்தது. தாவரங்கள் சேதனப் பொருள்களை ஆக்குவன. விலங்குகள் அவற்றை அழிப்பன என்பது அவர்தம் கொள்கை. அதன்படி, விலங்கின் உடலிற் காணப்படும் வெல்லம் முழுவதும் உணவுவழி வந்ததாகவே இருத்தல் வேண்டும்.

இக்கொள்கையைச் சோதனையால் அசைத்தவர் குளோட் பேர்ணாட் (1813–1878) ஆவார். 1848இல், இறைச்சி மட்டுமே உண்ட நாயை அவர் ஆராய்ந்தார். குடலிலிருந்து ஈரலுக்குச் செல்லும் குருதியில் வெல்லம் இருக்கவில்லை. ஈரலினின்று வெளியேறும் குருதியிலோ அது நிறைந்திருந்தது. எனவே வெல்லம் ஈரலிலேயே தோன்றுதல் வேண்டும் என அவர் முடிவு செய்தார்.

1855இல் அவர் மற்றொரு சோதனையை வெளியிட்டார். வெட்டியெடுத்த ஈரலின் குருதிக்கலன்களூடாக நீரைச் செலுத்தி, வெல்லம் அறவே நீங்கும்வரை கழுவினார். மறுநாள் அதே ஈரலில் மீண்டும் வெல்லம் காணப்பட்டது. ஈரலினுள்ளே வெல்லமாக மாறவல்ல வேறொரு பொருள் சேமிக்கப்பட்டிருந்தமை இதனாற் புலனாயிற்று. 1857இல் அப்பொருளைப் பிரித்தெடுத்துக் கிளைக்கோசன் எனப் பெயரிட்டார்.

எதிர்ப்பும் எழாமலில்லை. ஈரல் வெல்லமாக்குவது இறப்பின் பின்னர் நிகழும் மாற்றமேயென ஆங்கில மருத்துவர் பேவி வாதிட்டார். எனினும் உயிருள்ள ஈரலே உணவுக்காலத்திற் குளுக்கோசைக் கிளைக்கோசனாகச் சேமித்து, பட்டினிக்காலத்தில் அதனை மீளக் குருதிக்கு வழங்குகின்றது என்பது பின்னர் ஐயமற நிறுவப்பட்டது. பெரிதும் குளுக்கோசையே நம்பியிருக்கும் மூளைக்கு இவ்வேற்பாடு இன்றியமையாதது.

இவ்வொழுங்கு குலைவதன் விளைவே நீரிழிவு. 1889இல் மெரிங், மின்கோவ்சுகி ஆகியோர் சதையி அகற்றப்பட்ட நாய்க்கு நீரிழிவு உண்டாவதைக் கண்டனர். 1921இல் தொறன்ரோவில் நிகழ்ந்த ஆய்வு இன்சுலினைத் தந்தது. நோயாளர் பலரின் உயிரைக் காத்த அம்மருந்து, ஈரலின் வெல்ல வெளியீட்டையும் கட்டுப்படுத்துவதாகும்.

உடல் உணவை வெறுமனே எரிக்கும் உலையன்று. ஆக்கவும் சேமிக்கவும் அளந்து வழங்கவும் வல்லது. கழுவிய ஈரலொன்றை மறுநாளும் சோதித்துப் பார்த்த பொறுமையே இவ்வுண்மைக்கு வழிதிறந்தது.