தகுதி வழக்கு: ஆட்டத்துக்கு முன்னால் ஒரு படிவம்

1

எம்.ஏ. தமிழ் வகுப்பில் அவளை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். எங்களைவிட நான்கு வயது மூத்தவள். பிளஸ் டூ முடித்த கையோடு நூற்பாலைக்கு வேலைக்குப் போய், நான்கு வருஷம் கழித்துக் கல்லூரிக்கு வந்தவள். கபடி ஆடுவாள். நான் ஆடுகிறவள் இல்லை. கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதால் அணிக்கான தகுதிப் படிவங்களை எழுதிக்கொடுக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. பிறந்த தேதி, பிளஸ் டூ தேறிய வருஷம், பட்டப்படிப்பில் முதலில் சேர்ந்த வருஷம், இப்போது படிக்கும் வகுப்பு, சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாரா என்று கட்டம் கட்டமாகக் கேள்விகள்.

இரண்டாம் ஆண்டில் அக்காவின் படிவத்தைப் பார்த்த உடற்கல்வி ஆசிரியை ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"இது சரிவராதும்மா. பிளஸ் டூ முடிச்சு எட்டு வருஷம் தாண்டிருச்சு."

"போன வருஷம் ஆடினேனே மேடம்?"

"போன வருஷம் ஏழு."

அவ்வளவுதான். திட்டு இல்லை, வாக்குவாதம் இல்லை. அந்த அம்மாள் நல்லவர். அவர் முகமும் சுண்டித்தான் போனது. நான் எழுதிய படிவம் அப்படியே என் கையில் திரும்பி வந்தது. கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் அதே கட்டம், அதே விரல்தான்.

இப்போது பள்ளத்தூரில் இருக்கிறேன். பர்மாவில் சம்பாதித்த பணம் வீடுகளாக எழுந்து நின்ற ஊர். அந்தப் பணத்தில் ஒரு பகுதி பிறகு இந்தப் பக்கத்தில் கல்விச்சாலைகளாக மாறியது. பக்கத்துக் கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். 1985இல் அங்கே அவர் பெயரிலேயே ஒரு பல்கலைக்கழகம் வந்தது. காரைக்குடியில் உடற்கல்விக் கல்லூரியும் உண்டு, பள்ளத்தூரிலேயே மகளிர் கல்லூரியும் உண்டு. காலையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்களைப் பார்க்கும்போது, இவர்களில் எத்தனை அக்காக்கள் என்று மனசு கணக்குப் போடும். அந்தக் கணக்கிலிருந்து வந்தது இந்தக் கட்டுரை.

2

நன்னூல் படித்தவர்களுக்கு 'தகுதி வழக்கு' தெரியும். ஒரு பொருளை அதற்குரிய சொல்லால் சொல்லாமல், இதைச் சொல்வதே தகும் என்று வேறொரு சொல்லால் சொல்வது. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று அது மூன்று வகை. சபையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது முதலாவது. அமங்கலத்தை மங்கலமாக்கிச் சொல்வது இரண்டாவது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி வைத்துக்கொள்வது மூன்றாவது. விளையாட்டு வீரரின் 'தகுதி' பற்றிய விதிகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அது இந்த மூன்று தகுதி வழக்குகளின் வரலாறாகவே எனக்குப் படுகிறது.

முதலில் குழூஉக்குறி. 'அமெச்சூர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். காசுக்காக அல்லாமல் ஆசைக்காக ஆடுகிறவர் என்று அகராதி சொல்லும். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்குள் இருந்த பொருள் வேறு. 1879இல் ஹென்லி படகுப் போட்டிக்காரர்கள் வகுத்த விதிப்படி, கூலிக்குக் கைவேலை செய்யும் மெக்கானிக், கைவினைஞர், தொழிலாளி யாரும் அமெச்சூர் ஆக முடியாது. அவர் பந்தயத்தில் ஒரு காசுகூட வாங்கியிருக்க வேண்டியதில்லை, உடம்பால் உழைத்துச் சாப்பிடுகிறவர் என்பதே போதும். உழைக்கிற உடம்புக்கு வலு கூடும், அது நியாயமான போட்டி ஆகாது என்று காரணம் சொன்னார்கள். சாதி தெரிந்த நமக்கு இந்த வாதத்தின் வாசனை புதிதல்ல.

அமெரிக்காவின் ஜான் கெல்லி கொத்து வேலை செய்தவர். 1920இல் அவரை ஹென்லியில் சேர்க்கவில்லை. அவருடைய படகுக் கழகத்தின் மேலிருந்த பழைய தடை ஒரு காரணம், கைத்தொழில் இன்னொரு காரணம். அதே வருஷம் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வென்றார். ஹென்லியின் அந்த விதி 1930களின் கடைசியில்தான் போனது. கிரிக்கெட்டில் 'கனவான்கள்', 'ஆட்டக்காரர்கள்' என்ற பிரிவினை 1962 வரை நீடித்தது. கனவானுக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால் வரும், சம்பளக்காரனுக்குப் பின்னால். பெயரின் எந்தப் பக்கம் எழுத்து நிற்கிறது என்பதை வைத்தே ஆளின் இடத்தைச் சொல்லிவிடலாம்.

இந்த அமெச்சூர் கருத்துதான் கப்பலேறி நம்மிடம் வந்தது. 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவர். தமிழ்நாட்டுப் பள்ளி, கல்லூரி மைதானங்களில் விசில் ஊதிய பல தலைமுறை ஆசிரியர்கள் அங்கே பயின்றவர்கள். அவர்கள் செய்த நன்மை பெரிது, அதை மறுக்கவில்லை. ஆனால் இந்தியத் தடகள அமைப்பு 1946இல் உருவானபோது அதன் பெயரிலேயே 'அமெச்சூர்' இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

3

இரண்டாவது, மங்கலம். இதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டும். கல்லூரி விளையாட்டுத் தகுதி விதிகள் அங்கேதான் ஒரு பெரிய சாம்ராஜ்யமாக வளர்ந்தன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே கல்லூரிக் கால்பந்து அணிகள் படிக்காத ஆட்களைக் கூலிக்குப் பிடித்து ஆட வைத்தன. ஒரே ஆள் இன்று ஒரு கல்லூரிக்கு ஆடுவான், அடுத்த மாதம் இன்னொன்றுக்கு. 1906இல் உருவாகி 1910இல் என்.சி.ஏ.ஏ. என்று பெயர் பெற்ற அமைப்பு, பிற்பாடு இதற்கெல்லாம் வரம்பு கட்டியது. மாணவன் மெய்யான மாணவனாக இருக்கணும், குறைந்தபட்ச மதிப்பெண் வாங்கணும், ஐந்து வருஷத்துக்குள் நான்கு பருவம்தான் ஆடலாம், ஆட்டத்துக்குக் காசு வாங்கக் கூடாது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருக்கிறது.

1955இல் கொலராடோவில் ரே டென்னிசன் என்ற மாணவர் கல்லூரிக்காகக் கால்பந்து ஆடி அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்த தொழிலாளிக்குரிய நஷ்டஈட்டை மனைவி கேட்டார். 1957இல் மாநில உச்ச நீதிமன்றம், அவர் கல்லூரியின் ஊழியர் அல்ல என்று சொல்லிவிட்டது. 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொற்சேர்க்கை புழக்கத்துக்கு வந்தது அந்த ஆண்டுகளில்தான். வீரர்களை ஊழியர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற அச்சத்தில் தாங்களே உருவாக்கிப் பரப்பிய சொல் அது என்று, என்.சி.ஏ.ஏ.வின் நிர்வாகத் தலைவராக நெடுங்காலம் இருந்த வால்டர் பையர்ஸ் 1995இல் வெளிவந்த தன் நூலில் ஒப்புக்கொண்டார். உழைப்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் கல்வி என்று சொல்வது. மங்கலம் என்றால் இதுதான்.

1983இல் 'முன்மொழிவு 48' வந்தது. நுழைவுத் தேர்வில் 1600க்கு 700, குறிப்பிட்ட பாடங்களில் ஒரு சராசரி. இவை இல்லாவிட்டால் முதல் வருஷம் ஆட முடியாது. 1986இல் அமலானபோது அதில் அடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மாணவர்கள். 1989இல் வந்த அடுத்த முன்மொழிவு உதவித்தொகையையும் பறிக்கப் பார்த்தது. அதை எதிர்த்து ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கறுப்பினப் பயிற்சியாளர் ஜான் தாம்சன் அந்த ஜனவரியில் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் மைதானத்தைவிட்டு வெளியே நடந்தார். அதற்கப்புறம் விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் 1990இல் இங்கே மண்டல் அறிக்கை அமலாக்கம் அறிவிக்கப்பட்டதும் 'தகுதி போச்சு, திறமை போச்சு' என்று எழுந்த கூச்சலை நினைத்துப் பாருங்கள். கடல் இரண்டு, சொல் ஒன்று.

2021இல் ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2025 ஜூனில் ஏற்கப்பட்ட ஒரு சமரசத்துக்குப் பின் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. நூறு வருஷம் பாவம் என்று சொன்னது ஒரு கையெழுத்தில் புண்ணியமாயிற்று. ஆடிய காலத்தில் சல்லிக்காசு பார்க்காமல் போனவர்களின் கணக்கை யார் தீர்ப்பது?

4

நம் விதிக்கு வருவோம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். முழுநேரப் படிப்பில் முறையாகச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், படிப்பு ஓராண்டுக்குக் குறையாததாக இருக்க வேண்டும். வயது வரம்பு உண்டு. பட்டப்படிப்பில் சேரத் தகுதி தரும் தேர்வில் தேறி எட்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. முழுநேர வேலை பார்க்கிறவரும் தொலைநிலைக் கல்வியில் படிக்கிறவரும் ஆட முடியாது.

இந்த விதிகள் ஏன் வந்தன என்பதைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவளாவேன். கோப்பைக்காக ஆள் பிடிக்கும் கல்லூரிகள் இங்கேயும் உண்டு. நன்றாக ஆடுகிற ஒருவரை ஒரு டிப்ளமோவிலிருந்து இன்னொரு டிப்ளமோவுக்கு மாற்றி மாற்றிச் சேர்த்து வருஷக்கணக்கில் அணியில் வைத்துக்கொண்டால், பதினெட்டு வயதில் கிராமத்திலிருந்து வரும் பெண்ணுக்கு இடம் எங்கே? அவளைக் காப்பதற்கும் அந்த எட்டு வருஷக் கெடுதான் இருக்கிறது. விதியை மொத்தமாகத் தூக்கியெறி என்று கத்துவது சுலபம். எறிந்தால் முதலில் உள்ளே வருகிறவன் பலசாலியாகத்தான் இருப்பான்.

என் கேள்வி வேறு. எட்டு வருஷம் என்ற கடிகாரம் யாருடைய வாழ்க்கையைப் பார்த்துச் செய்யப்பட்டது? பிளஸ் டூ முடித்து நேரே கல்லூரி, அங்கிருந்து மேற்படிப்பு என்று இடைவெளி இல்லாமல் நகரும் ஒரு வாழ்க்கையைப் பார்த்து. நூற்பாலையில் கழிந்த நான்கு வருஷமும் அக்காவின் கடிகாரத்தில் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆடாத வருஷங்களும் ஆடிய வருஷங்களாகவே கணக்கில் ஏறின. வேலை பார்த்துக்கொண்டு தபாலில் படித்திருந்தால் முதல் நாளே கதவு சாத்தப்பட்டிருக்கும். ஹென்லியில் 'கூலிக்காரன் வராதே' என்று எழுதி வைத்தார்கள். இங்கே யாரும் அப்படி எழுதவில்லை. முழுநேரம், இடைவெளி, வருஷம் என்று எண்களாக எழுதியிருக்கிறார்கள். எண்ணுக்குச் சாதி கிடையாது என்பதால் நாம் கேள்வி கேட்பதில்லை.

5

மூன்றாவது, இடக்கரடக்கல். இது உடம்பைப் பற்றியது. எங்கள் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் கத்தக்குறிச்சி என்ற ஊர். செங்கல் சூளைத் தொழிலாளர்களான தலித் பெற்றோரின் மகள் சாந்தி சௌந்தரராஜன் 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். அதன்பின் ஒரு 'சோதனை'. பதக்கம் பறிக்கப்பட்டது. எல்லோர் வீட்டுப் பெண்களின் பால் தகுதியையும் கட்டாயமாகச் சோதிக்கும் முறையை ஒலிம்பிக் அமைப்பு 1999இலேயே கைவிட்டிருந்தது. சந்தேகம் வந்தால் மட்டும் சோதனை என்று மிச்சம் வைத்திருந்தார்கள். யார்மேல் சந்தேகம் வரும் என்பதில் இருக்கிறது விஷயம். அவருடைய உடம்பைப் பற்றிய அந்தரங்கம் ஊடகங்களில் செய்தியாயிற்று. சபையில் சொல்லக் கூடாததை மறைக்கத்தான் இலக்கணத்தில் இடக்கரடக்கல். இங்கே சொல் கண்ணியமாக மறைந்துகொண்டது, ஆள் சபை நடுவில் நின்றாள்.

சாந்தி தற்கொலைக்கு முயன்றார், பிழைத்தார், ஒரு காலம் சூளை வேலைக்கே திரும்பினார், படித்துப் பயிற்சியாளரானார். 2016இல்தான் தமிழக அரசின் நிரந்தரப் பணி கிடைத்தது. ஒடிசாவின் டூட்டி சந்த் 2014இல் இதேபோல விலக்கப்பட்டபோது சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015இல் அந்த ஹார்மோன் விதி நிறுத்திவைக்கப்பட்டது. சாந்திக்கு அப்படி ஒரு கதவு இருப்பதையே யாரும் காட்டவில்லை. 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகள அமைப்பு, பெண்கள் பிரிவில் ஓட வருகிறவர்களுக்கு ஒருமுறை மரபணுச் சோதனை என்று ஆக்கியிருக்கிறது. படிவத்தில் இன்னொரு கட்டம்.

கெல்லி செங்கல் அடுக்கியவர். சாந்தியின் வீட்டில் செங்கல் அறுத்தவர்கள். இதை உருவகமாக்க எனக்கு விருப்பமில்லை. தகுதி விதிகளின் வரலாறு எந்தக் கைகளைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

6

அக்கா இப்போது ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறாள். போன மாதம் போனில் பேசினோம். இதை எழுதப் போகிறேன் என்றதும் சிரித்தாள். "எழுது. ஆனா விதியே தப்புன்னு எழுதாத. எங்க பிள்ளைகளுக்கு எதிரா வயசு குறைச்சுக் காட்டி ஆள் எறக்குறாங்க, நானே போய்ப் புகார் குடுத்திட்டு வந்தேன்" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அந்த ஒரு வருஷம் மட்டும் மில்லு வருஷத்தைக் கழிச்சிருக்கலாம்" என்றாள்.

கழித்திருக்கலாம். வேலைக்குப் போன வருஷங்களைக் கணக்கிலிருந்து கழிக்க ஒரே ஒரு கட்டம் போதும். கோயிலிலும் கல்விச்சாலையிலும் தகுதி என்ற சொல்லை மறித்துக் கேள்வி கேட்ட மண் இது. மைதானத்து வாசலில் மட்டும் நாம் ஏன் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறோம்? நானும்தான் நிரப்பிக் கொடுத்தேன், நல்ல கையெழுத்தில்.