மணலியில் கேட்ட மேற்கத்திய இசை

பரோக் இசை என்றாலே பாக், ஹாண்டெல், விவால்டி என்ற பெயர்கள்தான் நினைவுக்கு வரும். சுமார் 1600 முதல் 1750 வரை ஐரோப்பாவில் கோலோச்சிய பாணி அது. அந்தக் கால இசைக்காரர்கள் உணர்ச்சியை ஏதோ தற்செயலாக வந்து ஒட்டிக்கொள்ளும் சமாசாரமாக நினைக்கவில்லை. மகிழ்ச்சி, துயரம், கோபம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி இசை வடிவம் உண்டு, ஒரு பகுதிக்கு ஒரே உணர்ச்சிதான் இருக்க வேண்டும் என்று கருதினார்கள். பர்செல் எழுதிய 'டைடோவும் ஈனியஸும்' நாடகத்தில் நாயகி சாகும் முன் பாடும் பாட்டில், அடிக்குரல் படிப்படியாகக் கீழே இறங்கி, மறுபடி மறுபடி அதே வழியில் இறங்கும். துயரத்துக்கு அதுதான் இலக்கணம். சோகத்துக்கு முகாரி என்று சொல்லிப் பழகிய நமக்கு இது அப்படி ஒன்றும் அன்னியமான சிந்தனை இல்லை.

இந்த இரண்டு உலகங்களும் சந்தித்துக்கொண்ட இடங்களில் ஒன்று மணலி. இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையுமாக இருக்கும் அதே மணலிதான். முன்பு திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த ஊர்; 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே செல்வாக்கோடு இருந்தவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார். கவர்னர் பிகட்டின் துபாஷி. ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கிய ராமஸ்வாமி தீட்சிதரைத் திருவாரூரிலிருந்து குடும்பத்தோடு வரவழைத்து ஆதரித்தார். அவருக்குப் பின் மகன் வெங்கடகிருஷ்ண முதலியாரும் ஆதரவைத் தொடர்ந்தார். தீட்சிதரின் பிள்ளைகள் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டது அப்போதுதான்.

மூத்தவர் முத்துஸ்வாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதினார். நோட்டுஸ்வரங்கள் என்று அழைக்கப்படும் அவை சுமார் 40. எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில், கமகம் இல்லாமல் நேராகச் செல்பவை. 'சந்ததம் பாஹிமாம்' பாட்டின் மெட்டு இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டேதான்! அந்த மெட்டு அச்சில் வந்தது 1740களில், ஹாண்டெல் உயிரோடிருந்த காலம். 1745ல் ஸ்காட்லாந்துப் பக்கம் கலகம் மூண்டபோது லண்டன் நாடக அரங்குகளில் அதை உணர்ச்சி பொங்கப் பாடினார்கள். அதே மெட்டு இங்கே வந்து சியாமளா தேவியிடம் காப்பாற்றச் சொல்லி வேண்டுகிறது. ஒரு மெட்டுக்கு ஒரு உணர்ச்சி என்ற பரோக் கொள்கை இங்கே அடிபட்டுப் போகிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

கோட்டையில் ஒலித்தது முழு பரோக் இசை என்று சொல்லிவிட முடியாது. அதற்குள் ஐரோப்பாவில் பாணி மாறிவிட்டது. பேண்டுக்காரர்கள் வாசித்ததும் பெரும்பாலும் அணிவகுப்பு மெட்டுகளும் நடன மெட்டுகளும்தான்.

இன்னொரு விஷயமும் யோசிக்க வைக்கிறது. காசியிலிருந்து திரும்பியபின், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணியில் பாடிய 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' தீட்சிதரின் முதல் கிருதி என்பது மரபு. குருகுஹ என்ற முத்திரை அங்கே முருகன் சன்னிதியில் பிறந்தது. ஆனால் சில நோட்டுஸ்வரங்களிலும் அந்த முத்திரை இருக்கிறதே! அப்படியானால் கோட்டையில் கேட்ட மெட்டுகள் பல வருஷம் மனதிலேயே தங்கியிருந்து, பிறகுதான் பாட்டாகியிருக்க வேண்டும்.

மெட்டைவிடப் பெரிய வரவு வயலின். தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் மணலி முதலியாரின் ஏற்பாட்டில் ஒரு ஐரோப்பியரிடம் அதைக் கற்றார். பரோக் காலத்தில் பாட்டுக்கு அடுத்தபடி மனித உணர்ச்சியைச் சொன்ன வாத்தியம் அதுதான். வயலினில் மோவாய்க்கட்டை வந்ததே 1820 வாக்கில்தான்; அதற்கு முன் ஐரோப்பியர் அதைத் தோளிலோ மார்பிலோ சாய்த்து வாசித்தார்கள். நம்மவர்கள் தரையில் உட்கார்ந்து, வாத்தியத்தின் தலையைக் காலில் ஊன்றிக்கொண்டார்கள். இடது கை பிடிக்கும் வேலையிலிருந்து விடுபட்டு, கம்பியில் தாராளமாக இழைய முடிந்தது. கமகம் அப்படித்தான் அந்த மரப்பெட்டிக்குள் நுழைந்தது.

பாலுஸ்வாமி பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். அவருடைய வாரிசான சுப்பராம தீட்சிதர் 1904ல் அங்கிருந்து வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் கிருதிகளுக்குக் கமகக் குறிகள் கொட்டிக் கிடக்கின்றன. நோட்டுஸ்வரங்களுக்கு அந்தக் குறிகள் தேவைப்படவே இல்லை.