ஒரு பழைய கப்பலும் ஒரு பெரிய கேள்வியும்: ஆதாரம் இல்லாமல் கடவுளை நம்பலாமா?

கடவுள் இருக்காரா, நிரூபிக்க முடியுமா என்பது ரொம்பப் பழைய சண்டை. இன்னிக்கு நாம பார்க்கப்போறது அதற்குப் பக்கத்து வீட்டுக் கேள்வி. நிரூபிக்க முடியலைன்னே வச்சுக்குவோம். அப்பவும் ஒருத்தர் கடவுளை நம்புறது அறிவுக்கு ஒத்துவருமா, இல்லை அது தப்பா?

1869-ல் லண்டனில் மெட்டாபிசிக்கல் சொசைட்டி என்று ஒரு சங்கம் உருவானது. கத்தோலிக்கப் பேராயர் மேனிங், கவிஞர் டென்னிசன், விஞ்ஞானி ஹக்ஸ்லி என எதிரெதிர் கருத்துள்ளவர்கள் அதில் உறுப்பினர்கள். 1876-ல் அங்கே ஒரு கட்டுரை வாசித்தார் வில்லியம் கிளிஃபர்ட் என்ற கணிதப் பேராசிரியர். அப்போது அவருக்கு முப்பது வயதுதான்.

அவர் ஒரு கதையில் ஆரம்பிக்கிறார். ஒரு கப்பல் முதலாளி. கப்பல் பழசு, பலமுறை பழுது பார்த்தது. அவர் மனசிலேயே சந்தேகம் இருக்கு. ஆனா சோதிச்சுப் பார்த்தா செலவாகும். "இத்தனை முறை பத்திரமா போய் வந்திருக்கே, கடவுள் பார்த்துக்குவார்" என்று மனசைச் சமாதானப்படுத்திக்கிறார். கப்பல் மூழ்குது, பயணிகள் எல்லாரும் சாகிறாங்க. முதலாளி இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கிறார்.

அவர் உண்மையிலேயே நம்பினார், அதில் பொய் இல்லை. ஆனாலும் அவர் குற்றவாளி என்கிறார் கிளிஃபர்ட். கப்பல் பத்திரமா கரை சேர்ந்திருந்தாலும் குற்றவாளிதானாம்! ஏன்னா, அந்த நம்பிக்கையை அவர் நேர்மையா சம்பாதிக்கலை. போதுமான ஆதாரம் இல்லாமல் எதையும் நம்புவது தவறு என்பதே அவர் முடிவு. கடவுளுக்கும் இதில் விலக்கு இல்லை.

இங்கே ஒரு தகவல். 1870-ல் சூரிய கிரகணத்தை ஆராயப் போன குழுவில் கிளிஃபர்டும் இருந்தார். சிசிலி கரையோரம் அவர்கள் போன கப்பல் பாறையில் மோதியது. அவர் உயிர் தப்பினார். இதற்கும் அந்தக் கதைக்கும் நாமா முடிச்சுப் போட வேண்டாம். ஆனா கப்பல் உடையறதுன்னா என்னன்னு தெரிஞ்ச மனுஷன் எழுதினது அது. 1879-ல், 33 வயதில், காசநோயால் இறந்துபோனார்.

17 வருஷம் கழித்து, 1896-ல், அமெரிக்காவிலிருந்து பதில் வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த வில்லியம் ஜேம்ஸ், கிளிஃபர்டின் பெயரைச் சொல்லியே மறுத்தார். அவர் வாதம் இதுதான்: உண்மையை அடையணும் என்பது ஒரு ஆசை, ஏமாறக் கூடாது என்பது வேறொரு ஆசை. ரெண்டும் ஒன்றல்ல. ஏமாந்துடுவோமோன்னு பயந்து எதையுமே நம்பாம இருந்தா, உண்மையையும் சேர்த்து இழக்கலாம். காத்திருப்பதும் ஒரு முடிவுதான். அதற்கும் விலை உண்டு.

நட்பையே எடுத்துக்குங்க. "நீ நல்லவன்னு முதலில் நிரூபி, அப்புறம் பழகுறேன்" என்றால் யார் நமக்கு நண்பனாவாங்க? சில விஷயங்களில் நம்பிக்கை முன்னால் போகணும், ஆதாரம் பின்னால்தான் வரும்.

அப்போ எதை வேணும்னாலும் நம்பலாமா? கூடாது. ஜேம்ஸ் போடுற நிபந்தனைகள் கடுமையானவை. ஆதாரத்தை வைத்துத் தீர்க்கவே முடியாத கேள்வியா இருக்கணும். நமக்கு அது உயிருள்ள கேள்வியா இருக்கணும். தள்ளிப்போட முடியாததா, வாழ்க்கையையே பாதிக்கிறதா இருக்கணும். அப்போதுதான் மனசு சொல்வதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

இந்த நிபந்தனைகளைக் கப்பல் முதலாளி மேல வச்சுப் பாருங்க. அவர் அங்கேயே தோற்றுப்போறார். கப்பலைச் சோதிக்க முடியும், அவர் சோதிக்கலை. ஆக, ஜேம்ஸின் வாதமும் அவரைக் காப்பாற்றாது.

எனக்குப் படுவது இது. இந்த உலகம் முழுக்கத் தற்செயல்தானா, இதற்குப் பின்னால் ஒருவர் இருக்காரா என்ற கேள்வியில், ஆதாரம் கையில் இல்லாமலே ஒருவர் நம்பினால் அவரை மூடர் என்று சொல்ல முடியாது. ஆனா அதே நம்பிக்கையைக் காட்டி, காய்ச்சலில் கிடக்கிற குழந்தைக்கு மருந்து வேண்டாம் என்று சொன்னால், அந்த நிமிஷமே அது கப்பல் முதலாளியின் நம்பிக்கை ஆகிவிடுகிறது. அங்கே சோதிக்க வழி இருக்கு. மூழ்கப்போவதும் நம்பினவர் இல்லை, வேறொருத்தர்.

நீங்க யார் பக்கம்? யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.